பென்டாக்ஸ் கே1000 மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

பென்டாக்ஸ் கே1000 கேமரா 1976-இல் வெளிவந்தது. ஆசாஹி ஆப்டிகல் நிறுவனம் அதை முதலில் ஜப்பானில் தயாரித்தது. பிறகு தயாரிப்பு ஹாங்காங்குக்கும், அப்புறம் சீனாவுக்கும் போய் 1997 வரை நடந்தது. அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் புகைப்படம் கற்றவர்களில் ஒரு தலைமுறையே இதை வைத்துத்தான் பழகியது. செல்ஃப் டைமர் கிடையாது. எந்த அளவு ஆழத்துக்கு ஃபோகஸ் நிற்கும் என்று முன்கூட்டியே பார்க்கும் வசதியும் கிடையாது. வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்குத் தனி சுவிட்ச் கூடக் கிடையாது. 1 விநாடியிலிருந்து 1/1000 வரை ஷட்டர் வேகம், கூடவே பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டரைத் திறந்தே வைக்கும் 'பி', ஃபிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 20 முதல் 3200 வரை. லென்ஸ் மாட்ட ஒரு கே மவுன்ட். அவ்வளவுதான்.

இப்படி எல்லாம் குறைவாக இருப்பதால்தான் இந்தக் கேமராவில் பழுது கண்டுபிடிப்பது எளிது. ஷட்டர் (ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் இரண்டு திரைகள்), லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நின்று படம் எடுக்கும்போது மேலே விலகும் கண்ணாடி, ஃபிலிம் நகர்த்தும் பற்சக்கரம் எல்லாமே ஸ்பிரிங்காலும் கியராலும் ஓடுபவை. பேட்டரி வேலை செய்வது மீட்டர் ஊசிக்கு மட்டும். எனவே ஒவ்வொரு அறிகுறியும் ஓரிரு பாகங்களைத்தான் சுட்டும். இன்று கைக்கு வரும் கே1000-களில் மிகப் புதியதே 1997-ஐச் சேர்ந்தது என்பதால், வாங்கியதும் ஏதாவது ஒரு கோளாறு இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

தொடங்கும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். திருகாணியில் கை வைப்பதற்கு முன்னால் நெகட்டிவைப் பாருங்கள். ஸ்டுடியோவிலோ லேபிலோ ஸ்கேனை மட்டும் வாங்கிக்கொண்டு நெகட்டிவை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பழுது எங்கே என்று சொல்லும் தடயங்களில் பாதி, படத்துக்கு வெளியே, இரண்டு ஓரத்துத் துளைகளின் பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பகுதி ஸ்கேனில் வராது.

ரோல் முழுக்கப் படமே விழவில்லை

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து ஓரங்களைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் 1, 1ஏ, 2, 2ஏ என்று போகும் எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. ஃபிலிமைக் கழுவும்போது அவையும் சேர்ந்து தெரிய வரும்.

ஓரத்து எழுத்துகள் தெளிவாக இருந்து, நடுவில் மட்டும் ஒன்றும் இல்லை என்றால், கழுவியதில் தவறில்லை. உங்கள் கேமராவுக்குள் ஃபிலிமின் மேல் வெளிச்சம் படவே இல்லை. ஓரத்து எழுத்துகளும் சேர்ந்தே காணோம் என்றால் கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம். கழுவிய இடத்தில் ரசாயனத்திலோ வரிசையிலோ தவறு நடந்திருக்கிறது. நடுவும் ஓரமும் ஒரே கறுப்பாக இருந்தால், எங்கோ ஒரு கட்டத்தில் மொத்த ரோலுமே வெளிச்சம் பார்த்துவிட்டது.

முதல் வகைதான் அதிகம். அதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஃபிலிம் நுனி வலப்பக்கத்து ஸ்பூலில் பிடிக்கவில்லை. லீவர் சுற்றுகிறது, ஷட்டர் அடிக்கிறது, எண்ணிக்கை முள்ளும் 36 வரை ஏறிவிடுகிறது. ஃபிலிம் மட்டும் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. எண்ணிக்கை முள் லீவரின் அசைவைத்தான் எண்ணும், ஃபிலிமின் அசைவை அல்ல. அதை நம்ப வேண்டாம்.

நம்ப வேண்டியது இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழை. நுனியை ஸ்பூலில் செருகி, லீவரை ஒருமுறை நகர்த்தி, மேலும் கீழும் இரண்டு வரிசைத் துளைகளும் பற்சக்கரத்தில் மாட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகே பின்கதவை மூடுங்கள். மூடியதும் ரீவைண்ட் கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். டப்பாவுக்குள் தொளதொளவென்று இருக்கும் ஃபிலிம் இறுகி, விரலுக்கு லேசாக எதிர்ப்பு தெரியும். அங்கேயே நிறுத்துங்கள். இப்போது லீவரைச் சுற்றும்போது அந்தக் குமிழ் எதிர்த்திசையில் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பினால் ஃபிலிம் ஓடுகிறது. ஒவ்வொரு ரோலின் முதல் மூன்று நான்கு படங்களுக்காவது குமிழைக் கவனிக்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பிரச்சினை ஆயுசுக்கும் வராது.

குமிழ் ஒழுங்காகத் திரும்பியும் படம் இல்லை என்றால் ஷட்டர் திரை திறக்கவில்லை. ஃபிலிம் இல்லாமல், லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்து 1/60-இல் அடித்துப் பாருங்கள். கண்ணாடி மட்டும் மேலே போய் வந்து, வெளிச்சம் தெரியாவிட்டால் அது சர்வீஸ் கடைக்குப் போக வேண்டிய கேமரா.

படத்தின் மேல் சிவப்பாகவோ வெள்ளையாகவோ தீற்றல்

பழைய கேமராவில் முதலில் சந்திக்கும் கோளாறு இதுதான். இங்கேதான் நெகட்டிவின் ஓரம் முழு உதவி செய்கிறது.

நெகட்டிவில் கறுப்பாக இருப்பது படத்தில் வெளிச்சம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத அந்தக் கறுப்பு, படத்தின் சட்டகத்தைத் தாண்டி ஓரத்துத் துளைகள் வரை பரவியிருக்கிறதா? அப்படியானால் வெளிச்சம் பின்கதவு வழியாக வந்திருக்கிறது. சட்டகத்தின் எல்லையோடு கத்தரித்தாற்போல் நின்றுவிட்டதா? அப்படியானால் முன்பக்கத்திலிருந்து, அதாவது ஷட்டர் திரையிலோ கண்ணாடிப் பெட்டியிலோ இருந்து வந்திருக்கிறது. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கலர் ஃபிலிமில் பின்கதவுக் கசிவு சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ வருவதற்குக் காரணம் உண்டு. சிவப்பு ஒளியை வாங்கும் அடுக்குதான் ஃபிலிமின் முதுகுக்கு மிக அருகில் இருக்கிறது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் முதலில் அதைத்தான் சுடும்.

பின்கதவுக் கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் ஃபோம். கதவு உட்காரும் பள்ளங்களிலும் கீல் பக்கத்திலும் கறுப்பு ஸ்பாஞ்ச் பட்டைகள் ஒட்டியிருப்பார்கள். பாலியூரித்தேன் ஃபோம் வருடங்கள் போகப்போகத் தானாகவே சிதையும்; கேமரா பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் சிதையும். குச்சியால் தொட்டுப் பாருங்கள். வெயிலில் இளகிய தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால், அல்லது பொடியாக உதிர்ந்தால், மாற்ற வேண்டிய நேரம்.

இதை வீட்டிலேயே செய்யலாம், அவசரப்படாமல் செய்ய வேண்டும். தேவையானவை: ஐசோபுரொபைல் ஆல்கஹால், மரப் பல்குச்சி, காது குடையும் பஞ்சுக் குச்சி, புதிய ஃபோம் ஷீட் அல்லது கறுப்புக் கம்பளி நூல். கதவைத் திறந்து கேமராவைக் கவிழ்த்துப் பிடியுங்கள், உதிரும் துகள் வெளியே விழட்டும். ஷட்டர் திரைக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைத் திரையில் படாமல் மறைப்பாக வையுங்கள். பல்குச்சியின் நுனியை ஆல்கஹாலில் தோய்த்து, பள்ளத்துக்குள் சிறிது சிறிதாகப் பழைய ஃபோமைத் தள்ளி எடுங்கள். பஞ்சுக் குச்சி கறுப்பாவது நின்று வெள்ளையாகவே திரும்பி வரும் வரை துடையுங்கள். இரும்பு ஊசியோ பிளேடோ வேண்டாம், கறுப்பு வண்ணம் உரிந்தால் உள்ளே பளபளப்பு வந்து அதுவே புதுத் தொல்லையாகும். மேல், கீழ்ப் பள்ளங்கள் மிகக் குறுகலானவை. அவற்றில் பசை தேவைப்படாமல் கம்பளி நூலையே அழுத்திப் பதித்துவிடலாம். எனக்கு ஃபோமை விட நூல்தான் பிடிக்கும், அது மறுபடி உருகாது. கீல் பக்கத்துக்கு மட்டும் அகலமான ஃபோம் பட்டை வேண்டும். கதவு மூடும்போது கொஞ்சம் அழுத்தம் தர வேண்டும். ஆனால் முட்டி நிற்கக் கூடாது.

முன்பக்கக் கசிவு என்றால் ஷட்டர் திரையைச் சந்தேகியுங்கள். கே1000-இன் திரை ரப்பர் பூசிய துணி. ரப்பர் காய்ந்து வெடித்தால் ஊசித்துளைகள் விழும். பல படங்களில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வெளிச்சப் புள்ளி வந்தால் இதுதான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸைக் கழற்றி, முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். கண்ணாடி வழியை மறைக்கும் என்பதால் டார்ச்சைச் சாய்த்து, கண்ணாடியின் ஓரங்களைச் சுற்றி ஒளி போகும்படி பிடிக்க வேண்டியிருக்கும். நட்சத்திரம் போல் எதுவும் தெரிந்தால் திரையை மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. அதை வீட்டில் முயல வேண்டாம்.

படத்தின் ஒரு பகுதி இருட்டு

இருட்டுப் பட்டை எந்தத் திசையில் விழுகிறது என்று பாருங்கள். கே1000-இன் திரைகள் பக்கவாட்டில் ஓடுபவை. எனவே கேமராவைப் படுக்கை வசத்தில் பிடித்து எடுத்த படத்தில், இருட்டு நெட்டுக்குத்தாக ஒரு பக்கத்தில் விழுந்தால் அது திரையின் வேலை. குறுக்குவாட்டில் மேலோ கீழோ விழுந்தால், கண்ணாடி நேரத்துக்கு விலகவில்லை. (நிக்கான் எஃப்எம்2 போல மேலிருந்து கீழாக ஓடும் உலோக ஷட்டர் உள்ள கேமராவில் இந்தக் கணக்கு செல்லாது.)

ஃப்ளாஷ் போட்ட படங்களில் மட்டும் இப்படி வந்தால் பழுதே இல்லை. இந்தக் கேமராவில் ஃப்ளாஷுக்கு 1/60-க்கு மேல் போகக் கூடாது. டயலில் 60-க்குப் பக்கத்தில் எக்ஸ் குறி இருப்பது அதற்காகத்தான். 1/125-இல் வைத்தால் ஃப்ளாஷ் மின்னும் நேரத்தில் இரண்டாவது திரை ஓடத் தொடங்கியிருக்கும், பாதிப் படம் மறைந்துவிடும். 1/30, 1/15 என்று கீழே போவதில் தடையில்லை.

ஃப்ளாஷ் இல்லாமல், வெயிலில் எடுத்தவற்றில் மட்டும் இருட்டு வந்தால் கவனியுங்கள். 1/500, 1/1000 வேகங்களில் திரைகள் முழுச் சட்டகத்தையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பதில்லை. முதல் திரை முன்னால் ஓட, இரண்டாவது திரை சிறிது இடைவெளி விட்டுப் பின்தொடரும். அந்த இடுக்கு வழியாகத்தான் ஃபிலிம் வெளிச்சம் வாங்குகிறது. முதல் திரை மந்தமானால் இரண்டாவது அதை எட்டிப் பிடித்து இடுக்கை மூடிவிடும். பின்கதவைத் திறந்து, வானத்தை நோக்கிப் பிடித்து 1/1000-இல் பலமுறை அடித்துப் பாருங்கள். மின்னல் கீற்றாகத் தெரியும் சட்டகம் இரண்டு ஓரத்திலும் ஒரே பிரகாசமாக இருக்க வேண்டும். ஒரு ஓரம் மங்கினால் சர்வீஸ் தேவை. அதுவரை 1/250-க்கு மேல் போகாமல் கேமராவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மெதுவான வேகங்களில் ஷட்டர் இழுக்கிறது

1 விநாடியில் வைத்து அடித்தால் உள்ளே சின்னக் கியர் வரிசை ஒன்று 'ர்ர்ர்' என்று சீராக ஓடி நிற்கும். அந்தச் சத்தம் திக்கித் திணறினால், அல்லது நடுவிலேயே நின்றுவிட்டால், பழைய கிரீஸ் பிசினாகிவிட்டது.

காதால் கேட்டு முடிவு செய்ய முடியாவிட்டால் கைபேசி போதும். ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 பிரேம் பதிவு செய்யும் கைபேசியை, பின்கதவு திறந்த கேமராவின் பின்னால் வையுங்கள். லென்ஸைக் கழற்றி முன்பக்கம் ஒரு விளக்கை வையுங்கள். வீடியோவைப் பிரேம் பிரேமாக நகர்த்தி, வெளிச்சம் தெரியும் பிரேம்களை எண்ணுங்கள். 1/4 விநாடிக்குச் சுமார் 60 பிரேம், 1/8-க்கு 30, 1/30-க்கு 8 வர வேண்டும். 1/60-இல் சுமார் 4 பிரேம்தான் கிடைக்கும். அதற்கு மேல் உள்ள வேகங்களை இப்படி அளக்க முடியாது. 1/8-இல் 30-க்குப் பதில் 34 வந்தால் கவலை வேண்டாம், கலர் நெகட்டிவ் ஃபிலிம் அந்த அளவு கூடுதல் வெளிச்சத்தைச் சாதாரணமாகத் தாங்கிக்கொள்ளும். 60 வந்தால் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூடுதல். அது சரி செய்ய வேண்டிய கோளாறு.

பல நாள் சும்மா கிடந்த கேமராவை எல்லா வேகங்களிலும் சிறிது நேரம் விடாமல் அடித்தால் ஓரளவு இளகும். ஆனால் அது தற்காலிகம். தயவுசெய்து தையல் மிஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ உள்ளே விட வேண்டாம். அன்றைக்குச் சரியானது போலத் தெரியும். பிறகு அந்த எண்ணெய் ஊர்ந்து போய்த் திரைத் துணியிலும் லென்ஸின் அப்பெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) இதழ்களிலும் படிந்து, சின்னப் பழுதைப் பெரிய பழுதாக்கிவிடும்.

மீட்டர் ஊசி அசையவில்லை

இதைக் கண்டு பதறுபவர்கள்தான் அதிகம். ஆனால் கே1000-இல் போனாலும் மிகக் குறைவாகவே பாதிக்கும் பாகம் மீட்டர்தான். ஊசி செத்துப்போனாலும் கேமரா எல்லா வேகங்களிலும் முழுதாக வேலை செய்யும்.

அடிப்பக்கத்து வட்ட மூடியை நாணயத்தால் திருகித் திறங்கள். எஸ்.ஆர்.44 அல்லது எல்.ஆர்.44 பட்டன் செல் ஒன்று போதும். எஸ்.ஆர்.44 சில்வர் ஆக்சைடு வகை. சாகும் வரை வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்பதால் அதையே வாங்குங்கள். செல்லை விரலால் தேய்த்த தடம் இல்லாமல் துணியால் துடைத்துப் போடுங்கள்; தலைகீழாகப் போட்டிருக்கிறோமா என்றும் பாருங்கள். அறைக்குள் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் தேய்த்து, அப்புறம் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். மூடியின் மரைகளையும் சேர்த்துத் துடையுங்கள். மின்சுற்று அந்த வழியாகத்தான் முழுமையாகிறது.

பிறகு சோதனை. ஷட்டர் டயலை 1/30 போன்ற மெதுவான வேகத்தில் வைத்து, லென்ஸை வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடியுங்கள். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரின் வலப்பக்கத்து ஊசி மேலே ஏற வேண்டும். மூடியைப் போட்டு லென்ஸை மறைத்தால் கீழே இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டர் உயிரோடு இருக்கிறது.

பேட்டரி அடிக்கடி தீர்ந்துபோகிறதா? இந்த மீட்டர் வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும், ஒளியை உணரும் காட்மியம் சல்ஃபைடு செல்களின் மின்தடை இருட்டில் வெகுவாக ஏறிவிடுவதால் மின்சாரம் ஏறக்குறைய நின்றுவிடும். ஆக, லென்ஸ் மூடிதான் இதன் சுவிட்ச். படம் எடுத்து முடித்ததும் மூடியைப் போடும் பழக்கம் இருந்தால் ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வரும்.

எல்லாப் படமும் இருட்டு, அல்லது எல்லாம் வெளுப்பு

ஊசி அசைகிறது, நடுவில் நிறுத்தித்தான் எடுத்தீர்கள், ஆனாலும் தவறாக வருகிறது என்றால் முதலில் ஐ.எஸ்.ஓ. டயலைப் பாருங்கள். ஷட்டர் டயலின் ஓரத்தைத் தூக்கித் திருப்பும் அமைப்பு அது. போன ரோலின் எண்ணிலேயே நின்றிருக்கும்.

அது சரியாக இருந்தால் மீட்டரை வெயிலோடு ஒப்பிடுங்கள். மேகமில்லாத நண்பகலில், வெயில் விழும் பொருளுக்கு எஃப்/16 அப்பெர்ச்சரும் (எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்), ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு ஒப்பான ஷட்டர் வேகமும் பொருந்தும். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/125. வெயிலில் இருக்கும் புல்தரையை நோக்கி எஃப்/16, 1/125 வைத்தால் ஊசி நடுவுக்கு அருகில் நிற்க வேண்டும். எஃப்/11-க்குப் போனால்தான் நடுவுக்கு வருகிறது என்றால், மீட்டர் ஒரு ஸ்டாப் அதிகமாகக் கேட்கிறது. எப்போதும் அதே அளவுதான் பிசகுகிறது என்றால் கவலையே இல்லை, 100 ஃபிலிமுக்கு டயலை 200-இல் வைத்துவிட்டு எடுங்கள். வெயிலில் ஒரு அளவும் நிழலில் வேறு அளவும் பிசகினால் அந்த மீட்டரை ஒதுக்கிவிட்டுக் கைபேசியில் உள்ள லைட் மீட்டர் செயலியைப் பயன்படுத்துங்கள்.

மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீட்டர் செல்கள் வ்யூஃபைண்டருக்கு இரு புறமும் உட்கார்ந்திருக்கின்றன. முதுகுப்பக்கம் வெயில் இருக்கும்போது, கண்ணுக்கும் கேமராவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக அந்த வெளிச்சம் உள்ளே புகுந்து ஊசியை ஏமாற்றும். படம் இருட்டாக வரும். கையால் மறைத்துக்கொண்டு அளவெடுத்தால் போதும்.

படங்கள் வெளுத்து வருவதற்கு லென்ஸும் காரணமாகலாம், அதிலும் அப்பெர்ச்சரைச் சின்னதாக வைத்து எடுத்தவை மட்டும் வெளுத்தால் நிச்சயமாக லென்ஸைத்தான் பார்க்க வேண்டும். பின்கதவைத் திறந்து எஃப்/16-இலும் 'பி'-யிலும் வைத்து, ஷட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பின்னாலிருந்து பாருங்கள். இதழ்கள் சட்டென்று மூடிச் சின்னத் துளையாக வேண்டும். தயங்கித் தயங்கி மூடினால் இதழ்களில் எண்ணெய் படிந்திருக்கிறது.

லென்ஸில் பச்சை நிற 'ஏ' குறி இருந்தால் வளையத்தை அதில் வைக்காதீர்கள். அது பின்னால் வந்த தானியங்கிக் கேமராக்களுக்கானது. எஃப் எண்களில் ஏதாவது ஒன்றில்தான் இருக்க வேண்டும். அப்பெர்ச்சர் வளையமே இல்லாத டிஏ வகை டிஜிட்டல் லென்ஸ்கள் மவுன்ட்டில் மாட்டினாலும் இதற்கு உதவாது.

வ்யூஃபைண்டரில் தெளிவு, படத்தில் மங்கல்

மங்கலில் இரண்டு வகை. படத்தில் வேறு ஏதாவது ஒரு தூரத்தில் இருப்பது தெளிவாக இருந்தால் அது ஃபோகஸ் பிசகு. எதுவுமே தெளிவில்லை, விளக்குகள் கோடாக இழுபட்டிருக்கின்றன என்றால் கை ஆடியிருக்கிறது, 50 மி.மீ. லென்ஸில் 1/60-க்குக் கீழே போனால் ஏதாவதொன்றில் சாய்ந்துகொள்ளுங்கள்.

ஃபோகஸ் பிசகைச் சோதிக்க, பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் உள் தண்டவாளங்களின் மேல் டிரேசிங் பேப்பரை விறைப்பாக ஒட்டுங்கள். கேபிள் ரிலீஸ் (ஷட்டர் பொத்தானை அழுத்தும் நீள வயர்) மாட்டி 'பி'-யில் ஷட்டரைத் திறந்து வைத்து, அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். பேப்பரில் விளக்கு மிகக் கூர்மையாகத் தெரியும் இடமும் வ்யூஃபைண்டரில் கூர்மையாகத் தெரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால், முன்னால் யாரோ ஃபோகஸ் திரையைக் கழற்றித் தவறாக மாட்டியிருக்கலாம், அல்லது கண்ணாடி உட்காரும் கோணம் மாறியிருக்கலாம். இரண்டுக்கும் கைதேர்ந்தவர் வேண்டும்.

கண்ணாடி மேலேயே நிற்கிறது

லென்ஸைக் கழற்றிவிட்டு மீண்டும் அடித்துப் பாருங்கள். லென்ஸ் இல்லாமல் ஒழுங்காக இறங்கினால் லென்ஸின் அப்பெர்ச்சர் நெம்புகோல் இறுகியிருக்கிறது. அப்போதும் மேலேயே நின்றால், கண்ணாடி மோதி நிற்கும் இடத்திலுள்ள ஃபோம் பட்டையைப் பாருங்கள். அதுவும் கதவு ஃபோம் போலவே பிசுபிசுத்து, கண்ணாடியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முன்பு சொன்ன அதே முறையில் எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டலாம். ஆனால் கண்ணாடியின் முகத்தில் விரலோ ஆல்கஹாலோ படவே கூடாது. ஒளியைத் திருப்பும் பூச்சு மேற்பரப்பிலேயே இருக்கிறது, ஒரு துடைப்பிலேயே கீறல் விழும். ஃபோம் நன்றாக இருந்தும் கண்ணாடி இறங்கவில்லை என்றால், இரண்டாவது திரை கடைசி வரை ஓடி முடிக்கவில்லை. அது ஷட்டர் சர்வீஸ்.

படத்தின் மேல் படம்

ஒன்றிரண்டு படங்கள் ஓரத்தில் லேசாக ஒட்டி வந்தால் ஃபிலிமைத் தொளதொளப்பாகப் போட்டிருக்கிறீர்கள். ரோல் முழுக்க இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால் அடிப்பக்கத்து ரீவைண்ட் பொத்தான் உள்ளேயே சிக்கியிருக்கலாம். அல்லது லீவரின் உள்ளே உள்ள கிளட்ச் தேய்ந்திருக்கும்.

வ்யூஃபைண்டரில் புள்ளி, லென்ஸில் வலை

வ்யூஃபைண்டரில் தெரியும் தூசி படத்தில் வராது. விட்டுவிடுங்கள்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை போலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது வேகமாகப் பரவும். லேசாக இருந்தால் படத்தில் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது மட்டும் படம் வெளிறும். கேமராவைத் தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல நிறக் குருணை இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் பழையபடி நீலமாகும். சமையலுக்கு அந்த வாணலியை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

லீவர் நகரவில்லை, ஃபிலிம் திரும்பிச் சுற்றவில்லை

லீவர் நகராவிட்டால் முதலில் ஷட்டர் பொத்தானை அழுத்துங்கள். ஏற்கெனவே ஏற்றி வைத்திருப்பீர்கள். 24-ஐயோ 36-ஐயோ தாண்டி, லீவர் பாதியில் நின்றால் ரோல் முடிந்துவிட்டது. இன்னும் ஒரு படத்துக்காக இழுத்தால், ஃபிலிமின் வால் டப்பாவின் அச்சிலிருந்து பிய்ந்து வந்துவிடும்.

திருப்பிச் சுற்றும் முன் அடியிலுள்ள பொத்தானை அழுத்தியே ஆக வேண்டும். அழுத்தாமல் சுற்றினால் பற்சக்கரம் ஃபிலிமின் துளைகளைக் கிழிக்கும். சரியாகச் சுற்றும்போது சீரான எதிர்ப்பு இருக்கும். முடிவில் நுனி ஸ்பூலிலிருந்து விடுபடும்போது அந்த எதிர்ப்பு திடீரென்று விட்டுப்போகும்.

தொடக்கத்திலிருந்தே எதிர்ப்பு இல்லாமல் கைப்பிடி காலியாகச் சுற்றினால், வால் பிய்ந்துவிட்டது. எடுத்த படங்கள் எல்லாம் வலப்பக்கத்து ஸ்பூலில் வெளிச்சத்துக்குத் தயாராகக் கிடக்கின்றன. பின்கதவைத் திறக்காதீர்கள். சேஞ்சிங் பேக் (கைகளை மட்டும் நுழைக்கும் ஒளி புகாத பை) இருந்தால் அதற்குள் கேமராவையும், ஒளி புகாத கறுப்பு டப்பா ஒன்றையும் வைத்துத் திறங்கள். இல்லாவிட்டால் இரவில், ஜன்னல் இல்லாத அறையில், கதவிடுக்கை அடைத்துவிட்டு, தடித்த போர்வைக்குள் செய்யுங்கள். கைபேசியை வெளியே வைத்துவிடுங்கள். ஃபிலிமின் ஓரங்களை மட்டும் பிடித்து, ஸ்பூலிலிருந்து உருவிச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடுங்கள். மூடியின் மேல் டேப் ஒட்டி, 'உள்ளே கேசட் இல்லாத ஃபிலிம், இருட்டில் மட்டும் திறக்கவும்' என்று எழுதுங்கள். லேபில் கொடுக்கும்போது வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.